பெட்டிமேல் நின்ற சாட்சி

கீச்... கீச்... கீச்...!

வெண்ணிறச் சவப்பெட்டியின் கண்ணாடி மூடிமேல் ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சு நடை பயின்றுகொண்டிருந்தது.

கண்ணாடிக்குக் கீழே ஒன்பது வயது லுனிங்னிங், உறங்குபவள்போலக் கிடந்தாள்.

வாசலில் நின்ற செவிலி மரிவிக்கின் கையிலிருந்த பூங்கொத்து நழுவியது!

பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் பிறந்த எவருக்கும் அதன் பொருள் தெரியும். கொலையுண்டவரின் பெட்டிமேல்தான் குஞ்சை விடுவார்கள். அது கொத்தக் கொத்த, கொன்றவரின் நெஞ்சு குத்தும். உண்மை தானே வெளியே வந்து விழும்!

ஆக, இது வெறும் சாவு வீடன்று.

குற்றம் சாட்டும் வீடு!

"வாங்கம்மா, வாங்க! வேலையைக் கச்சிதமா முடிச்சாச்சு. இப்ப காப்பி குடிக்க வந்தீங்களா?"

குரல் வந்த திசையில் சிறுமியின் தந்தை எர்வின் நின்றார். சரக்குக் கப்பலில் சமையற்காரர். மகள் இறந்த மறுநாள், அதாவது இன்று காலைதான் கரை சேர்ந்தவர். அவர் கையில் மருத்துவமனையின் மருந்து அட்டை நகல் படபடத்தது.

முற்றத்தில், அவ்வூர்ச் சாவு வீட்டு வழக்கப்படி சீட்டாடியவர்களின் கைகள் அந்தரத்தில் நின்றன.

"சார்! நான் சொன்ன ஆள் இவதான்!"

மூலையில் அமர்ந்து பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் கும்பான் நிமிர்ந்தார். நனைந்த பாதி பிஸ்கட் கோப்பைக்குள் மூழ்கியது.

"போச்சு! இந்த வீட்ல நடந்த ரெண்டாவது சாவு இதுதான்..." என்றவர், எவரும் சிரிக்காததைக் கண்டு தொண்டையைச் செருமிக்கொண்டார். "உட்காருங்க, மனாங்."

அக்கா என்றுதான் அழைத்தார். ஆயினும் அவரது விழிகள் அவளை வேறுவிதமாக அளந்தன.

மரிவிக்குடன் ஜீப்பில் வந்திருந்த ஆர்செனியோவும் சுவரோரத்து நாற்காலி ஒன்றில் ஒடுங்கி அமர்ந்தார். மருத்துவமனையின் மருந்தாளர். குழந்தைகளுக்கான வலி மருந்தைத் திரவமாகக் கலந்து பாட்டிலில் அடைத்துத் தருபவர். வழி நெடுக அவர் ஒன்றையே கேட்டபடி வந்தார்.

'அந்த மிச்ச பாட்டிலை எங்கிட்ட திருப்பிக் குடுத்துடு, மரிவிக். கொட்டிடணும்.'

இப்போது யாரோ நீட்டிய பிஸ்கட்டை வாங்கி, தின்னாமல் விரல்களால் நொறுக்கிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அட்டையை வாங்கினார்.

"திங்கட்கிழமை ரெண்டு மில்லி. செவ்வாய்க்கிழமை நாலு. நேத்து ஆறு. மூணும் உங்க கையெழுத்துதானா?"

"ஆமா சார்."

"என்ன மருந்து?"

"மார்ஃபின்."

கூட்டத்தில் ஒரு மூச்சு இழுபட்டது.

"ஆறு குடுத்து எவ்வளவு நேரத்துல...?"

"இருபது நிமிஷத்துல."

"கேட்டீங்களா சார்!" எர்வின் பாய்ந்தார். "மூணு மடங்கு! எருமை மாட்டுக்குக் குடுத்தாலும் அது திரும்பி எழுந்திருக்காது!"

"இருய்யா. டாக்டர் சொன்னாரா, மனாங்?"

"ஆறு வரைக்கும் போகலாம்னார். பக்கத்துல இருக்கறவ நீ, முடிவு உன்னோடதுன்னார்."

"நீங்க முடிவு பண்ணீங்க..."

"பண்ணேன்."

"சாவான்னு தெரிஞ்சேவா?"

மரிவிக் அவரை நேராகப் பார்த்தாள். குரல் நடுங்கவில்லை.

"எலும்புல புத்து சார். சாகப் போறான்னு எல்லாருக்கும் தெரியும். கத்திக்கிட்டே சாகக் கூடாதுன்னு குடுத்தேன்."

"அதுக்குப் பேருதான் கொலை!" என்று எர்வின் அலறினார்.

"கத்தாதே, எர்வின்!"

பெட்டியின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள் சிறுமியின் தாய் ஜொசெலின்.

"குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டவ நான். என்னையும் சேத்துச் சொல்லு."

"நீ சும்மா இரு!"

"நடுக்கடல்ல இருந்து போன்ல சட்டம் போட்டே. அவகிட்ட எதையும் சொல்லாதேன்னே. அவ வாயைத் திறந்து கேட்டப்போ நீ இருந்தியா? இந்த மனாங்தான் இருந்தா!"

எர்வின் செவிலியை நோக்கித் திரும்பினார்.

"என்ன... என்ன கேட்டா?"

"நான் செத்துடுவேனா மனாங்னு கேட்டா."

"சொல்லிட்டியா!"

"சொல்ல மாட்டேன்னு உங்களுக்கு வாக்குக் குடுத்திருந்தேன். பொய் சொல்லவும் வாய் வரல. உனக்கு என்ன தோணுதுன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"செத்துடுவேன்னுதான் தோணுது, ஆனா அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, பாவம் பயந்துடுவாருன்னா."

எர்வின் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார்.

"வேற ஏதாச்சும் சொன்னாளா? கடைசி ரெண்டு நாள்ல?"

"கசப்பு மருந்து குடுங்க, கசப்பு மருந்து குடுங்கன்னு கெஞ்சினா. காய்ச்சல்ல நாக்கு கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன்..."

மூலையில் பிஸ்கட் நொறுங்கும் ஓசை சட்டென்று நின்றது.

"மனாங், நேரா கேக்கறேன்." இன்ஸ்பெக்டரின் குரல் தாழ்ந்தது. "அந்தக் குழந்தையைக் கொன்னது உங்க ஆறு மில்லியா, புத்துநோயா?"

மரிவிக் பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

அந்த வினாவை நேற்றிலிருந்து அவளே தன்னிடம் ஆயிரம் முறை வினவியிருந்தாள். விடை அவளுக்கும் தெரியாது. செவிலி உரிமம் போகட்டும், சிறையும் வரட்டும். ஆனால், தன் கைதான் அந்தப் பிஞ்சு மூச்சை நிறுத்தியதா...?

"தெரியல சார்."

"அப்ப ஸ்டேஷனுக்குக் கிளம்பலாம்."

அந்தக் கணத்தில்...

பொத்!

குஞ்சு பெட்டியிலிருந்து தரைக்குக் குதித்தது!

பதினைந்து ஜோடிக் கால்கள் ஒருசேரப் பின்வாங்கின. அது தலையைச் சாய்த்து இடம் பார்த்தது, வலம் பார்த்தது. பின்னர் நேராக மரிவிக்கின் வெள்ளைக் காலணியை நோக்கி நடந்தது.

"பாருங்க! பாருங்க!" யாரோ கிசுகிசுத்தார்கள்.

மரிவிக் காலை இழுக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டாள்.

கொத்தட்டும்!

கீச்...

குஞ்சு அவள் காலணியைச் சுற்றிக்கொண்டு அப்பால் சென்றது. இன்ஸ்பெக்டரைக் கடந்தது. எர்வினைக் கடந்தது. சுவரோரம் சென்றது.

நறுக்!

ஆர்செனியோவின் கால் பெருவிரலில் விழுந்தது முதல் கொத்து!

"ஐயோ! எடுங்க! எடுத்துத் தொலைங்க இதை!" அவர் நாற்காலிமேல் ஏறி நின்றார். "நான் கொல்லல! சத்தியமா கொல்லல! சர்க்கரைத் தண்ணியைக் குடிச்சு எவளாவது சாவாளா?"



இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்தார்.

"எந்தச் சர்க்கரைத் தண்ணி, மிஸ்டர் ஆர்செனியோ...?"

மருந்தாளரின் முகத்தில் இரத்தம் வற்றியது. தான் கூறியது தன் செவியிலேயே அப்போதுதான் விழுந்தது!

"இனிப்பு! மார்ஃபின் கசக்கும் சார்!" மரிவிக் கூவினாள். "கசப்பு மருந்தைக் கேட்டாளே... எந்தக் குழந்தையாவது கசப்பைக் கேட்டு அழுமா? செவ்வாய்க்கிழமை புது பாட்டில் வந்துச்சு சார்! அட்டையைப் புரட்டுங்க! ஆறு மில்லி உள்ளே போனா மூச்சு தணியணும். நான் என்ன எழுதியிருக்கேன்?"

"நிமிஷத்துக்கு முப்பத்தாறு..."

"ஏறியிருக்கு சார்! எழுதினேன்... எழுதின நானே படிக்கலையே!"

"மிச்ச பாட்டில்?"

"கால் பாட்டில் வார்டு அலமாரியில பூட்டியிருக்கு. அதைத்தான் இவர் ஜீப்புல கெஞ்சிக் கேட்டுக்கிட்டே வந்தார்!"

இன்ஸ்பெக்டர் கண் காட்டினார். கான்ஸ்டபிள் ஒருவர் மருத்துவமனைக்கு ஓடினார்.

ஆர்செனியோ நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் அமர்ந்தார்.

"எங்கம்மாவுக்கும் புத்துதான்... வீட்ல ராப்பகலா கத்தினாங்க. ஊர்ல எங்கேயும் மருந்து இல்ல. வந்தது கொஞ்சம்தான். எப்படியும் சாகப் போற குழந்தைதானேன்னு..."

ஜொசெலின் அவர்முன் வந்து நின்றாள். அடிப்பாள் என்றுதான் அனைவரும் எண்ணினர்.

"உங்கம்மாவுக்கு வலி போச்சா?"

"...போச்சு."

"என் பொண்ணுக்குப் போகல."

அவ்வளவுதான். மீண்டும் தலைமாட்டுக்குச் சென்று அமர்ந்தாள்.

விலங்கு பூட்டும் ஓசை கேட்டது.

"மனாங், உங்க மேல இனி எதுவும் இல்ல. நிம்மதியாப் போங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

மரிவிக் முதன்முறையாக உடைந்தாள்.

"நிம்மதியா? என் கையால போயிருந்தாக்கூட அவ வலி இல்லாமப் போயிருப்பா சார்! ரெண்டு நாளா நான் அவளுக்குச் சர்க்கரைத் தண்ணியை ஊத்தியிருக்கேன்!"

எர்வின் குனிந்தார். வாசலில் கிடந்த பூங்கொத்தை எடுத்து, தூசி தட்டி, மகளின் பெட்டிமேல் வைத்தார். பின்னர் ஒரு நாற்காலியை இழுத்து மரிவிக்கின் அருகில் போட்டார்.

"உட்காருங்க மனாங். அவ வேற என்னெல்லாம் சொன்னா... சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தட்டினார்.

"குஞ்சை வெச்சீங்க பாருங்க, நல்ல யோசனை!"

எர்வின் விழித்தார். "நான் வெக்கலியே! நீங்க வெச்சதுன்னு நினைச்சேன்!"

"நானா?"

"நான்தான் வெச்சேன்," என்றாள் ஜொசெலின். "அது நிங் வளர்த்த குஞ்சு. ஷூ பெட்டியில வெச்சு வளர்த்தா. அப்பா கப்பல் நினைப்புல கப்பித்தான்னு பேரு. நான் போனா அது தனியா பயப்படும், எம்மேலயே விடும்மான்னா... விட்டேன். துக்கத்துல அந்த வழக்கம் நினைப்புக்கே வரல. நீங்கள்லாம் ஏன் அப்படி மிரண்டீங்கன்னு இப்பத்தான் புரியுது."

"அப்ப குற்றம் சாட்டறதுக்கு இல்ல?"

"துணைக்கு!"

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "அது சரி... அவ்வளவு கால் இருக்க, அந்தாள் காலை மட்டும் ஏன் கொத்துச்சு?"

குனிந்து பார்த்தார்.

ஆர்செனியோவின் நாற்காலியடியில், பதற்றத்தில் நொறுக்கிய பிஸ்கட் தூள் சிதறிக் கிடந்தது. கப்பித்தான் தலை நிமிராமல் அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

கும்பான் தம் தொப்பியைக் கழற்றி அதற்கு ஒரு வணக்கம் வைத்தார்.

"இருபது வருஷமா லத்தியைக் காட்டி நான் வாங்காத வாக்குமூலத்தை, அரை பிஸ்கட்டுக்கு வாங்கிட்டியே, கப்பித்தான்... மேலிடத்துல மட்டும் சொல்லிடாதே, என் நாற்காலியில உன்னை உட்கார வெச்சுடுவாங்க!"