செவ்வாய்க்கிழமைப் போத்தல்

"ஐயோ! ஆர் என்ர பெட்டிக்குள்ள மீன் போட்டது?"

நிலாவெளிக் கரை முழுவதும் கேட்ட அந்த அலறலில் யோசேப் திடுக்கிட்டுத் திரும்பினான். முழங்கால் வரை நனைந்த சேலையோடு ஒருத்தி... மழைக்கு முந்திய கடல் போலக் கறுத்து மின்னும் கண்கள்!

"நான்தான், மிஸ். கரைவலைக்காரரின்ர ஐஸ் பெட்டியெண்டு நினைச்சு நாலு பாரை மீனைப் போட்டனான்."

"இது கடல்தண்ணி சோதிக்கிற போத்தலுக்கு வைச்ச ஐஸ்! இப்ப தண்ணியைச் சோதிக்கிறதோ, உங்கட பாரையைச் சோதிக்கிறதோ?"

"பாரை நல்ல சுத்தம். நான் பொறுப்பு!"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டோரம் துடித்ததே...

இன்பமலர் அவள் பெயர். சனங்கள் குளிக்கும் கரைகளின் தண்ணீரைச் சோதிப்பது அவள் வேலை. அடுத்த செவ்வாய் அவள் வந்தபோது கையில் சிவப்புக் கொடி! யோசேப்பின் நாலறை விடுதிக்கு நேர் முன்னால் அதை நட்டாள்.

"தண்ணியில கழிவு கலந்திருக்கு. ஒருத்தரும் குளிக்கக் கூடாது."

"மீனுக்குப் பழி வாங்கிறியளோ?"

"உங்கட கக்கூஸ் குழி கசியுது போல. கிண்டிப் பாருங்கோ."

"என்ர குழியோ? போங்கோ, மிஸ்!"

கடலில் இறங்க ஏலாத விடுதியில் யார் தங்குவார்? மூன்றே நாளில் அறைகள் காலி. ரோசம் ஒருபுறம், அந்தக் கண்கள் மறுபுறம்... அவை பொய் சொல்லுமா? ஞாயிறு பூசை முடிந்ததும் மண்வெட்டியை எடுத்தான். குழியின் கடற்பக்கச் சுவர் வெடித்துப் போயிருந்தது!

அதை மூடி, தெருப்பக்கம் தள்ளிப் புதுக்குழி வெட்டினான்.

செவ்வாயன்று அவள் அவனுடைய உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"கையெல்லாம் கொப்புளம்..."

"நீங்கள் சொன்னது சரி. நான்தான் வீம்பு பிடிச்சனான்."

இரண்டு முறை தண்ணீர் சுத்தமென்று வந்தது. கொடியை அவளே பிடுங்கினாள். விடுதியில் மறுபடி சிரிப்புச் சத்தம். ஆனாலும் செவ்வாய் தவறாமல் ஒன்பது மணி பஸ்ஸில் இன்பமலர் வந்தாள். ஐஸ் உடைத்துக் கொடுத்தபடி யோசேப் கூடவே நடந்தான்... ஒன்று, இரண்டு, மூன்று கிழமைகள். சந்தோஷந்தான். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு பயம்.

அன்று மழைத்தூறல். அவள் இமைகளில் துளிகள். கையிலிருந்த போத்தல் திறக்கப்படவே இல்லை.

"மறைக்காமல் சொல்லுங்கோ, மிஸ். கிழமைக்குக் கிழமை வாறியள்... தண்ணியில இன்னும் குறை இருக்கோ?"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"ஒரு குறையும் இல்லை. நல்ல கரைக்கு மாசத்துக்கு ஒருக்கா வந்தால் போதும்... மற்றச் செவ்வாயில நான் லீவு போட்டெல்லோ வாறனான்!"