பூஜ்யத்தில் ஆரம்பித்த கொலை

பேராசிரியரின் தலை கீபோர்டின் மேல் 'தொப்'பென்று விழுந்தது.

திரையில் ஒரே ஓர் எழுத்து ஓட ஆரம்பித்தது. ஓடியது... ஓடியது... நிற்கவேயில்லை!

"சார்!"

அவள் பாய்ந்துபோய் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினாள். வாயோரம் நுரை. பக்கத்தில் மூடி திறந்த ஸ்டீல் ஃப்ளாஸ்க், பாதி டீயோடு.

"ஐயோ... யாராவது வாங்களேன்!"

அந்தத் தளமே கூடிவிட்டது. கூடி என்ன செய்ய? பேராசிரியர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவள் அவருடைய ஆய்வு மாணவி. தலையில் நாலைந்து நரை எட்டிப் பார்த்த பிறகும் 'மாணவி'தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் கம்ப்யூட்டர் மாதிரி படிப்படியாக யோசிக்கச் சொல்லிக் கொடுத்தால், பிறகு லீனியர் அல்ஜீப்ரா சுலபமாக மண்டையில் ஏறுமா? இதுதான் ஆய்வு. இதற்காகத் தன் இளமையைத் தாரை வார்த்திருந்தாள். ஆய்வேட்டில் கையெழுத்துப் போடவேண்டிய ஒரே கை, இப்போது அசைவற்றுக் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். நெட்டையான பெண்மணி. கண்ணில் தூக்கமில்லை, நாக்குக்கு ஓய்வில்லை. உடலையும் ஃப்ளாஸ்க்கையும் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"நேத்து இங்க சண்டையாமே?"

"சண்டை இல்ல மேடம்... விவாதம்."

"விவாதம் மாடிப்படி வரைக்கும் கேட்டுச்சாம். எதைப் பத்தி?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சார் எனக்குக் குடுத்த மார்க் எல்லாம் பொய் மேடம்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"ஸ்கூல்ல பரீட்சை வெச்சேன்னு சொல்லி மார்க் குடுத்தார். பன்னெண்டு கேள்வி. அதுல ரெண்டு கேள்வியோட மார்க் தெரிஞ்சா போதும், மத்த பத்தையும் அதுலேர்ந்தே கூட்டிப் பெருக்கி எடுத்துடலாம். ஒரு பிள்ளைக்குக்கூடத் தப்பாது!"

"நல்ல பிள்ளைங்க!"

"பிள்ளைங்க அப்படி எழுதாது மேடம். ஒண்ணு தூங்கும், ஒண்ணு பக்கத்துல எட்டிப் பார்க்கும். நிஜ மார்க் கன்னாபின்னான்னுதான் இருக்கும். இது யாரோ உக்காந்து சமைச்ச மார்க். மேலிடத்துக்கு எழுதப்போறேன்னு சார்கிட்டயே சொல்லிட்டேன்."

"நீ சொன்ன மறுநாள் ஆள் காலி! இன்னிக்கு அவருக்கு டீ எடுத்துக் குடுத்தது யாரு?"

"நான்தான்... தினமும் நான்தான் குடுப்பேன். ஆனா சத்தியமா எதையும் கலக்கல!"

"இதையே கோர்ட்டுல இன்னும் கொஞ்சம் அழுதுகிட்டுச் சொல்லு. எடுபடும்."

 அவள் பார்வை தானாகக் கதவோரச் சுவருக்குப் போனது.

அங்கே ஒரு மர அலமாரி. ஐந்து தட்டு, தட்டுக்கு ஐந்து அறை. அறைக்கொரு ஃப்ளாஸ்க். எல்லாமே ஏதோ கருத்தரங்கில் ஓசியில் வந்தவை, ஒரே அச்சு. காலையில் டீக்காரர் நிரப்பிவிட்டுப் போவார். பெயர் எழுதி ஒட்டப் பேராசிரியர் விட்டதில்லை. 'மேட்ரிக்ஸ் படிக்கிறவங்களுக்குப் பேர் எதுக்கு? இடம் போதும்!' என்பார். தட்டு எண், அறை எண், அவ்வளவுதான். அவர் மூணு, நாலு. அவள் ரெண்டு, மூணு.

மூன்றாவது தட்டின் நாலாவது அறை காலியாக இருந்தது.

அதற்கு ஒரு தட்டு மேலே, ஓர் அறை இடப்பக்கம்... அவளுடையது!



"மேடம்... அது சாருக்கு வெச்ச விஷம் இல்ல. எனக்கு வெச்சது!"

"சரிதான். புதுக்கதை!"

"இல்ல மேடம், இந்தத் தப்பை நான் வருஷக்கணக்கா பிள்ளைங்ககிட்ட பார்க்கிறேன்! கணக்குக்காரங்க ஒண்ணுலேர்ந்து எண்ணுவாங்க. கம்ப்யூட்டர்காரங்க பூஜ்யத்துலேர்ந்து எண்ணுவாங்க. அவங்களுக்கு முதல் தட்டு பூஜ்யம், அடுத்தது ஒண்ணு, மூணாவது தட்டுதான் ரெண்டு! அறையும் அப்படித்தான். ரெண்டு, மூணுன்னா மூணாவது தட்டு, நாலாவது அறைக்குப் போயிடுவாங்க. ஒரு அத்தியாயம் முழுக்க இதைத்தான் எழுதியிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்துபோய் அலமாரியில் விரல் வைத்து எண்ணினார். ஒருமுறை ஒன்றிலிருந்து. ஒருமுறை பூஜ்யத்திலிருந்து. திரும்பியபோது முகம் மாறியிருந்தது.

"அதாவது உன் இடத்தை ஒருத்தர் சொல்லியிருக்கார். இன்னொருத்தன் வந்து கலந்திருக்கான்."

"ஆமா மேடம்."

"இன்னிக்கு வெளியாள் யார் வந்தது?"

"யாரும் வரல. எல்லாரும் கீழே கருத்தரங்குல இருந்தோம். சார் மேடையில பேசினார். என் வீட்டுக்காரர் மட்டும், நான் மறந்துட்டு வந்த கண்ணாடியை மேசையில வெச்சுட்டுப் போனார்..."

"வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?"

அவள் மேசைமேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.  

"சாஃப்ட்வேர்."



"இருக்காது மேடம்! எனக்குத் தலைவலின்னா அவர் லீவு போடுவார்!"

இன்ஸ்பெக்டர் அவள் கணவனுக்குப் போன் போட்டார். "உங்க மனைவியோட ரூம்ல ஒரு சாவு. உடனே வாங்க." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் படிக்கட்டில் அழுகுரல்.

"ஐயோ, என்னை விட்டுட்டுப் போயிட்டியே! நான் இனிமே..."

கணவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். நாற்காலியில் அவள் உயிரோடு உட்கார்ந்திருந்தாள். அழுகை பாதியில் அறுந்தது!

"நீ... அப்ப யாரு செத்தது?"

"சாருங்க."

அவன் முகம் வெளிறிப்போனது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாமே என்று இருந்தது. இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். அவர் முன்பே சொல்லிக்கொடுத்தபடி அவள் முனகினாள்.

"மயக்கமா வருதுங்க. என் ஃப்ளாஸ்க்கை எடுத்துத் தாங்களேன். ரெண்டு, மூணு."

'ரெண்டாவது தட்டுக்குப் போ... போயிடுப்பா!'

வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

அவன் கை நீண்டது. முதல் தட்டைத் தாண்டியது... இரண்டாவதையும் தாண்டியது... மூன்றாவது தட்டில், நாலாவது அறையில், காலியிடத்தில் போய் நின்றது!

"காணோமே... உன் ஃப்ளாஸ்க்கை அவரா எடுத்துக் குடிச்சார்?"

"அது சாரோட இடம்ங்க."

"இல்லையே! ரெண்டு, மூணுன்னுதானே சொன்னார்!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார். "யாரு சொன்னது?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பேராசிரியர்தான்!"

"என்ன உளறல்?"

"அந்த மார்க்கையெல்லாம் சமைச்சது நான். அவர் கேட்டார், செஞ்சு குடுத்தேன். வீட்டுல, இவ பக்கத்துல உக்காந்துதான். நேத்து இவ வந்து கண்டுபிடிச்சுட்டேன்னு குதிச்சா. நான் அவர்கிட்ட சொன்னேன். ரெண்டு பேரும் ஜெயிலுக்குத்தான் போகணும்னார். காலையில போன் பண்ணி, 'நான் மேடையில இருப்பேன், ரூம் காலியா இருக்கும், அவ ஃப்ளாஸ்க் ரெண்டு, மூணு'ன்னார்..."

"காலையில என் தலையைத் தடவிக் குடுத்துட்டுப் போனீங்களே!" என்றாள் அவள். "அப்பவே முடிவு பண்ணிட்டீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள். கட்டியவன் போனான். கைடு போனார். பொய் மார்க்கில் கட்டிய ஆய்வும் போனது. இனி போவதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. மேசையில் அவன் கொண்டுவந்து வைத்த கண்ணாடி இருந்தது. அதைத் தொடக்கூட அவளுக்குக் கை வரவில்லை. வாய்விட்டு அழுதாள்.

"அந்த அத்தியாயத்தை சார்கிட்ட எப்பவோ குடுத்தேன் மேடம். 'படிச்சேன், பிரமாதம்'னார். ஒரு பக்கம்கூடப் புரட்டல. புரட்டியிருந்தா, பூஜ்யத்துலேர்ந்து எண்ணாதேன்னு இவர்கிட்ட சொல்லியிருப்பார்!"

"சொல்லியிருந்தா நீ இந்நேரம் ஐஸ் பெட்டியில இருப்பே!" இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "ஆய்வேட்டுல நன்றிப் பக்கம்னு ஒண்ணு உண்டாமே? மறக்காம எழுதிடு... 'ஒரு வரிகூடப் படிக்காம என் உயிரைக் காப்பாத்தின பேராசிரியருக்கு'ன்னு!"