இனி இழுக்க வேண்டாம்

அந்த மாதத்தில் சுதாராணி எமர்ஜென்சிக்கு வருவது நான்காவது தடவை. கொட்டச்சேட்டிலிருந்து பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் குமட்டிக்கொண்டே வந்திருந்தாள். மத்தியானம்தான், ஆனாலும் பனிமூட்டம் ஆஸ்பத்திரி ஜன்னல்களை அடைத்துக்கொண்டு நின்றது. வலது கண்ணுக்குப் பின்னால் ஒற்றைத் தலைவலி துடித்தது.

டாக்டர் ஜெஸ்லின் ஊசி போட்டார். "இது இன்னைக்கு வலிக்குத்தானுங்க. திரும்பத் திரும்ப வராம இருக்க தினம் ஒரு மாத்திரை எழுதறேன். கூடவே மூச்சுப் பயிற்சியும் பழகணும். ரெண்டும் சேந்தாத்தான் நல்ல பலன். சிஸ்டர் வந்து சொல்லித் தருவாங்க, படுத்திருங்க."

திரை போட்ட இருட்டறை. மருந்து நெடிக்கு அடியில் ஈரமண் வாடை. சுதாராணி கண்ணை மூடினாள். பல வருஷத்து அசதி கை கால்களை அழுத்தியது.

கதவுச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் தலைமாட்டில் யாரோ உட்கார்ந்தார்கள்.

"மூச்ச இழு, கண்ணு. விடு."

இழுத்தாள். விட்டாள். சில்லென்ற விரல்கள் நெற்றிப்பொட்டைத் தொட்டன. வலி கரைந்தது.

"நொம்ப நாளா தூக்கமே இல்லீங்க, சிஸ்டர்."

"தெரியும் கண்ணு. விடு. இனி இழுக்க வேண்டாம்."

அவள் இழுக்கவில்லை.

எவ்வளவு சுகம்! விடிந்ததும் அடுப்பு மூட்ட வேண்டாம். பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். அடுத்த வலிக்குப் பயப்பட வேண்டாம். காது அடைத்தது.

"அவ்வளவுதான்," என்றது குரல்.

அப்போதுதான் உறைத்தது. காதோரம் இத்தனை பேசியும் ஒரு துளி மூச்சுக்காற்று மேலே படவில்லை.

சுதாராணி வாயைப் பிளந்து காற்றை இழுத்தாள்.

லைட் எரிந்தது. வாசலில் சிஸ்டர் மரியபுஷ்பம். "பைக்ல உழுந்த கேஸ் ஒண்ணு, இப்பத்தான் வர முடிஞ்சுதுங்க. ஏனுங்க, இப்படி நடுங்கறீங்க?"

"இங்க ஒருத்தங்க உக்காந்து..."

சிஸ்டர் தலைமாட்டைப் பார்த்தார். யாரென்று கேட்கவில்லை. "வாங்க, வெளிய பெஞ்சுல உக்காந்து பழகிக்கலாம்." அவளை எழுப்பி வெளியே கூட்டிவந்து, அறைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை அவள். பயிற்சியையும்தான், ஆனால் பகலில், கதவைத் திறந்துபோட்டு. இரண்டு மாதத்தில் வலி எப்போதாவது வருவதாகக் குறைந்தது. எமர்ஜென்சிக்குப் போகவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வலி லேசாக எட்டிப் பார்த்தது. புருஷன் தனபால் ஏற்காடு போயிருந்தான். வீட்டில் வேறு யாருமில்லை. பாயில் படுத்து மெதுவாக மூச்சை விட்டாள்.

பக்கத்துத் தலையணை மெல்ல அமுங்கியது.

திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை. மூச்சை மட்டும் இழுத்தாள்.