பின் அறைக்குப் போன பீரோ

“என் பீரோ உன் ரூமுக்கா போகுது?”

காலை ஆறரை மணி. காபியில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. மாமியார் டம்ளரைத் தொடவே இல்லை. தன் இரும்பு பீரோவின் கதவில் ஒட்டியிருந்த நீல ஸ்டிக்கரை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார்.

“சொல்லும்மா... நீலம்னா எந்த ரூம்? உன் வாயாலயே சொல்லு, கேக்கறேன்!”

“முன் ரூம், அத்தை.”

“முன் ரூம் யாருக்கு?”

“எங்களுக்கு.”

“கேட்டுக்கோடா!” என்று மகன் பக்கம் திரும்பினார் மாமியார். “எங்கம்மா வாங்கிக் கொடுத்த பீரோ. நாப்பத்தாறு வருஷமா என் தலைமாட்டுல நிக்கிற பீரோ. நான் கண்ணை மூடற வரைக்கும்கூட உன் பொண்டாட்டிக்குப் பொறுக்கல!”

அன்று வீடு மாற்றும் நாள். ஒன்பது மணிக்கு லாரி வரும். மருமகள் பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருப்பவள். அங்கே பைல்களுக்கு ஒட்டுகிற மாதிரி ஸ்டிக்கர்களை வாங்கி வந்து, முந்தின நாள் சாயங்காலமே சாமான் ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்தாள். பச்சை என்றால் புது வீட்டின் பின் அறை. அது பெரியவர்கள் இருவருக்கும். நீலம் முன் அறை. சிவப்பு, யாருக்காவது கொடுத்துவிட வேண்டியது. மூன்று மாதமாக மனுஷி இதே வேலையாக அலைந்திருக்கிறாள். வீடு தேடியது அவள், அளவெடுத்தது அவள், நாற்பத்தொரு பெட்டி கட்டியதும் அவள். கிடைத்தது என்னவோ இந்தப் பேச்சுதான்.

“பின் ரூம்ல இடம் பத்தாது அத்தை. பாத்ரூம் போற வழியை அடைச்சுக்கும்...”

“அந்த மர ரேக்குக்கு இடம் இருக்கு, என் பீரோவுக்கு இல்லையா? செருப்பு வைக்கக்கூட லாயக்கில்லாத ரேக்! அதுக்குப் பச்சை ஒட்டியிருக்கே!”

மருமகள் கையிலிருந்த கரண்டியைத் துணியால் துடைத்தாள்.

“முன் ரூம்ல ரெண்டு ஜன்னல். காத்து பிச்சுக்கிட்டு வருது. பின் ரூம்ல பட்டப்பகல்லயே லைட் போடணும். வெளிச்சம் உனக்கு, இருட்டு எங்களுக்கு... சரி, வயசானவங்கதானே, எங்கேயோ ஒரு மூலையில கிடப்போம்னு வாயை மூடிக்கிட்டேன். இப்போ பீரோவும் போச்சா!”

கணவன் அச்சகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவன். கண் சிவந்திருந்தது, பொறுமை அதற்கு முன்பே தீர்ந்திருந்தது.

“ஒரு பீரோதானே! அம்மா சொல்ற இடத்துல வச்சா உன் கிரீடம் இறங்கிடுமா? நல்லா இருந்த வீட்டைக் காலி பண்ண வச்சே. சரின்னேன். இன்னும் என்னதான் வேணும் உனக்கு?”

“இது ஒண்ணுல மட்டும் என் பேச்சைக் கேளுங்க.”

“எல்லாத்துலயும் உன் பேச்சுதானே நடக்குது, தாயே!”

ஜன்னலோரம் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்த மாமனார் தொண்டையைச் செருமினார். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு சைக்கிளைக்கூட உரசாதவர் என்று தெருவே சொல்லும்.

“டிக்கெட் எடுக்காம நாப்பத்தாறு வருஷம் கூடவே வந்த பாசஞ்சர் அது. போற இடத்துக்குப் போகட்டும் விடு. இதுக்குப் போயி காலங்காத்தால...”

“நீங்க பேசாதீங்க! இப்பல்லாம் என் முகத்தைப் பாத்துக்கூடப் பேசறதில்ல. பேப்பர், இல்லாட்டி டிவி. நான் ஒருத்தி எதிர்ல நிக்கறது உங்க கண்ணுக்கே தெரியல!”

மருமகளின் கையிலிருந்த கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

தெரியாதுதான். அது அந்த வீட்டில் இரண்டே பேருக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன்னால், கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று, மாமனாரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவள் அவள்தான். “நரம்பு போயிடுச்சும்மா. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருக்கறதும் எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது” என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் மாமனார் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது, கையைத் தேடுகிற அளவுக்கு ஆகிவிட்டது என்று.

“அவகிட்ட சொல்லிடாதேம்மா. தெரிஞ்சா என்னை உக்கார வச்சு ஊட்டிவிட ஆரம்பிச்சுடுவா. பாத்ரூமுக்குக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவா. நானா எழுந்து, நானா நடக்கற வரைக்கும்தான் நான் மனுஷன். அதை மட்டும் எனக்கு விட்டுக்கொடு... என் மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினாள். அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் இத்தனையும். இப்போது இருக்கும் வீடு மூன்றாவது மாடி, ஐம்பத்தெட்டு படி. ஒருநாள் எண்ணிக்கை தவறினால் போதும். அதனால் தரைத்தளமாகத் தேடினாள். இருபது வீடு பார்த்தாள். கடைசியில் கிடைத்த வீட்டின் பின் அறை, இந்த வீட்டில் பெரியவர்கள் இருந்த அறையை அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. அளவில் கொஞ்சம் சிறியதுதான், ஆனால் அதே பக்கம் கதவு, அதே மூலையில் பாத்ரூம். கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் இடுப்புயர மர ரேக்கைச் சுவரோரம் போட்டால், அதைத் தடவிக்கொண்டே ஏழு அடி வைத்துப் போய்விடலாம், யார் துணையும் இல்லாமல். வாக்கிங் என்று சொல்லி நாலு தடவை அவரைக் காலி வீட்டுக்கு அழைத்துப் போய் நடக்கவும் பழக்கியிருந்தாள். ஹால் நாற்காலியிலிருந்து நேராக ஒன்பது அடி. அங்கே இடது கையில் ரேக் தட்டுப்படும். அப்புறம் ஏழு.

இருட்டு அறையைப் பெரியவர்களுக்குத் தள்ளிவிட்டாள் என்ற பேர் இப்படி வந்ததுதான்.

அவள் குளிக்கப் போன நேரம். மாமியார் பீரோவின் முன் வந்து நின்றார். நீல ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி உரித்தார். ரேக்கில் இருந்த பச்சையை உரித்தெடுத்து பீரோவில் ஒட்டினார். பசை சரியாகப் பிடிக்கவில்லை. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். நீலத்தை ரேக்கில் ஒட்டினார்.

“இப்ப வையேன் உன் ரூம்ல... இந்தக் குப்பையை!” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

லாரி வந்தது. சாமான் ஏற்றும் மேஸ்திரி வாய் ஓயாத மனிதர். “பச்சை பின் ரூம், நீலம் முன் ரூம். அவ்வளவுதானேம்மா? எல்லா வீட்டுலயும் இப்படிப் பண்ணா என் ஆயுசு பத்து வருஷம் கூடும்!” என்றபடி வேலையைத் தொடங்கினார். முதல் நடையில் பெரிய சாமான்கள் இறங்கின. பின்னாலேயே கணவன் அம்மாவையும் அப்பாவையும் காரில் அழைத்துக்கொண்டு போனான். மாமனார் கைப்பிடியைப் பிடித்தபடி, உதடு அசையாமல் எண்ணி எண்ணி இறங்கினார். ஐம்பத்தெட்டாவது படியில் கால் வைக்கும் வரை மருமகள் மேலே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்கு மேஸ்திரி இரண்டாவது நடைக்கு வந்தார். 

“கவலையே வேண்டாம்மா. பெரியவங்க ரூம் பக்காவா ஆயிடுச்சு. பீரோதான் கொஞ்சம் படுத்திடுச்சு. என்னா கனம்! பாத்ரூம் போற வழியில சுவரோரமா சொருகிட்டோம். கொஞ்சம் துருத்திக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான்.”

“பீரோவா? அது நீலமாச்சே!”

“பச்சைம்மா. நான் என் கண்ணால பாத்தேன். ரேக்குதான் நீலம்.”

அவள் போனை எடுத்தாள். நாலாவது தடவைதான் கணவன் எடுத்தான்.

“என்னங்க... மாமா எங்க இருக்காரு?”

“ஹால்ல உக்காந்திருக்காரு. ஏன்?”

“நான் வர்ற வரைக்கும் அவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடாதீங்க. தயவுசெஞ்சு!”

“எதுக்கு?”

எதுக்கு? சொல்லிவிடலாம். நாலே வார்த்தை. ஆஸ்பத்திரி பெஞ்சும் தன் கையைத் தேடி வந்த கையும் கண்முன் வந்து நின்றன. 

“அது... வந்து சொல்றேங்க...”

“ஏய், உனக்கே இது ஓவராத் தெரியலையா? எங்கப்பா எழுந்து நிக்கக்கூட உன் பர்மிஷன் வேணுமா? அங்க வேலையை முடிச்சுட்டு வா!”

போன் துண்டானது. திரும்ப அடித்தாள், எடுக்கவில்லை. சாவியை மேஸ்திரி கையில் திணித்துவிட்டுப் படிகளில் ஓடினாள். கண்ணில் பட்ட முதல் ஆட்டோவில் ஏறினாள். சத்தியமாவது ஒன்றாவது! போனதும் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட வேண்டியதுதான். மாமா என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை... அவர் விழாமல் இருந்தால் போதும்.

கேட்டைத் திறக்கும்போதே தெரிந்தது. ஹால் நாற்காலி காலியாக இருந்தது. மாமனார் பின் அறையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். நிமிர்ந்த நடை. பழகி வைத்த நடை.

“மாமா! நில்லுங்க மாமா!”

அவர் சிரித்தபடி கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். எனக்குத் தெரியும், நீ கவலைப்படாதே என்பது போல. ஒன்பதாவது அடியில் இடது கையை நீட்டினார். ரேக் இல்லை. காற்றைத் துழாவிய கை பிடிமானம் தேட, தடுமாறி இன்னும் ஓரடி வைத்து உடம்பு முன்னால் சாய, பீரோவின் முனை நெற்றியில் இடித்தது.

அந்தச் சத்தத்தில் சமையலறையிலிருந்து மாமியாரும், முன் அறையிலிருந்து கணவனும் ஓடி வந்தார்கள். மருமகள் அதற்குள் தரையில் உட்கார்ந்து, மாமனாரின் தலையை மடியில் வைத்து, புடவைத் தலைப்பைப் புருவத்தின் மேல் அழுத்திக்கொண்டிருந்தாள். ரத்தம் விரலிடுக்கில் வழிந்தது.

“ஐயோ! என்னங்க... என்னாச்சுங்க!” மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். மறுகணமே அந்தக் கை மருமகளை நோக்கி நீண்டது. “எல்லாம் உன்னாலதான்டி! இருட்டு ரூம்ல கொண்டாந்து தள்ளினே இல்ல? மூணாவது மாடியில ராஜாவாட்டம் நடந்துக்கிட்டிருந்த மனுஷனைக் கொண்டாந்து விழ வச்சுட்டியே... பாவி! இப்ப திருப்திதானே உனக்கு?”

“அதான் போன்லயே எழுந்திருக்க விடாதீங்கன்னியே!” கணவன் கத்தினான். “இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சும் இந்த வீட்டைப் பாத்தியா? வாயைத் திறந்து சொல்லு!”

அவள் வாயைத் திறந்தாள். மடியில் இருந்த மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். காயத்தை மட்டும் இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

“நிறுத்துங்க.” மாமனாரின் குரல் மெதுவாகத்தான் வந்தது. “இந்த ரூம்ல லைட் எரியுதா?”

“என்ன கேள்வி இது? காலையிலேருந்து எரியுதே! உங்க தலைக்கு மேலதானே...”

“எனக்குத் தெரியலடி.”

மாமியாருக்குப் புரியவில்லை.

“லைட் எரியறதும் தெரியல. நீ எங்க நிக்கிறேன்னும் தெரியல. ஒரு மாசமா நிழல்கூட இல்ல. மூணு மாசமா அவளுக்குத் தெரியும். நான்தான் சத்தியம் வாங்கிக்கிட்டேன். நான் ஒருத்தன் யாரையும் புடிச்சுக்காம பாத்ரூம் போகணும்ங்கறதுக்காக அவ தெருத்தெருவா வீடு தேடினா. நாலு நாள் என்னை இங்க கூட்டிட்டு வந்து, சின்னப் புள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கற மாதிரி நடக்கச் சொல்லிக் கொடுத்தா. ரேக் இருக்க வேண்டிய இடத்துல என்னடா இருக்கு? எது மேலடா நான் இடிச்சுக்கிட்டேன்?”

மகன் அம்மாவைப் பார்த்தான்.

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“காலையில... என் புடவை நல்லாருக்குன்னு சொன்னீங்களே...”

“உனக்கு எந்தப் புடவைதான் நல்லா இல்ல?”

“பொய் சொல்லியிருக்கீங்க... நாப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவகிட்ட... எங்கிட்ட சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?” மாமியார் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். “ஸ்டிக்கரை மாத்தி ஒட்டினது நான்தாங்க... இந்தக் கையாலதான் ஒட்டினேன்!”

காயம் ஆழமில்லை. பக்கத்துத் தெரு கிளினிக்கில் மூன்று தையல் போட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் கணவன் மனைவியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “நீயாவது எங்கிட்ட...” என்று தொடங்கி, அந்தப் போன் ஞாபகம் வந்து, அதோடு நிறுத்திக்கொண்டான்.

“சொல்லியிருக்கணும்தான்” என்றாள் அவள். “சத்தியத்தைக் காப்பாத்தப் போயி மாமாவைக் காப்பாத்தாம விட்டுட்டேன். ஆனா நான் ஒண்ணு கேட்டா அதுல ஏதாவது காரணம் இருக்கும்னு ஒரு தடவைகூட உங்களுக்குத் தோணலையே. பதினேழு வருஷத்துல ஒரு தடவைகூட...”

அவ்வளவுதான். அதற்கு மேல் முடியவில்லை. முன் அறைக்குள் போய், பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். மூன்று மாதமாக உட்கார நேரமில்லை, அழ இடமில்லை. இப்போது உடைந்தது.

மாமியார் பின்னாலேயே வந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை, அன்றும் வரவில்லை. மருமகளின் புடவையில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். அவள் தலையை இழுத்துத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டார்.

“அடி மக்கு! நான் வாய்க்கு வந்தபடி திட்டறேன், கல்லாட்டம் நிக்கிறியே! ஒரு வார்த்தை திருப்பிப் பேசக் கூடாதா நீ? அந்த மனுஷனுக்குத்தான் கண்ணு போச்சு. எனக்கு எங்கடி போச்சு...”

“அத்தை... எனக்கு... என்னால நிறுத்த முடியல...”

“யாருடி நிறுத்தச் சொன்னா?”

வாசலில் லாரி வந்து நின்றது. நீல ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியைத் தலையில் சுமந்தபடி மேஸ்திரி முன் அறையை நோக்கி வந்தார். பின்னால் கணவனும் வந்தான். மாமியார் எழுந்து போய்க் கதவை வெளியே இழுத்துச் சாத்திக்கொண்டு, குறுக்கே நின்றார்.

“யாரும் உள்ள போகக் கூடாது. என் மருமக அழுதுக்கிட்டிருக்கா. அவ முடிச்சுட்டு வரட்டும்.”

“எவ்வளவு நேரம்மா ஆகும்?” என்று கேட்டுவிட்டார் மேஸ்திரி.

“அவ இஷ்டம். அது வரைக்கும் இந்த வீட்டு வேலையை நான் பாத்துக்கறேன்.”

மேஸ்திரி பெட்டியைச் சத்தமில்லாமல் ஹாலிலேயே இறக்கி வைத்தார்.