எழுதக் கூடாத எண்

சமையல் மேடையில் இருந்த சின்னப் பெட்டியை ஈரத்துணியால் துடைத்தபோது, அதன் ஓரத்துப் பொத்தான் ஒன்று அழுந்தியிருக்க வேண்டும். அதுவரை ஒரே ஓர் எண் தெரிந்த திரையில், அதற்குக் கீழே இன்னொரு எண் வந்து நின்றது.

மேலே இருந்தது 154. கொல்லையில் புகையடுப்புக்குள் காலையிலிருந்து கிடக்கும் மாட்டு நெஞ்சுக்கறியின் உட்சூடு அது, பாரன்ஹீட்டில்.

கீழே இருந்தது 98.

கொரின் துணியைப் பிழிய மறந்து நின்றாள். அடுப்பில் இருந்தது ஒரே துண்டுக் கறி. அதில் குத்தியிருந்தது ஒரே வெப்பமானி ஊசி. குத்தியவளே அவள்தான். ஊசியில் இருந்து ஒயர் வெளியே ஒரு டப்பாவுக்குப் போகும். டப்பா அனுப்புவதை இந்தப் பெட்டி காட்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த இரண்டாவது எண்ணை அவளுக்கு நன்றாகவே தெரியும். பன்னிரண்டு வருடமாக ஊருக்குள் இருக்கும் முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளின் நாக்குக்கடியில் காய்ச்சல்மானி வைத்துப் பார்ப்பவள் அவள். கறிக்கு அந்த எண் வரும், ஏறும்போது ஒரு நொடி வந்து தாண்டிப் போகும். இது தாண்டவில்லை. 98-லேயே நின்றது. உடம்புச் சூடு போல.

அவள் கணவன் லைல் ஹாஸ்கெட்டின் நெஞ்சுக்கறி என்றால் அமெரிக்காவின் ஓசார்க் மலைப்பக்கம் மூன்று மாவட்டத்துக்கும் தெரியும். கூடத்து அலமாரி நிறையப் பரிசுக் கோப்பைகள். கோப்பைகளுக்குக் கீழே, வருடத்துக்கு ஒன்றாக, அவன் பதிவேடுகள். என்ன விறகு, எவ்வளவு ஈரம், எந்தப் பக்கத்துக் காற்று, எப்போது தீ ஏறியது, எப்போது கறி வியர்த்தது, கடைசியில் ருசி எப்படி. எல்லாம் பேனாவால், கட்டம் போட்டு. "எழுதி வைக்காத சமையல் நடக்காத சமையல்" என்பான். கல்யாணமான புதிதில், அவன் குளிக்கப் போயிருந்தபோது கொரின் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். முந்தின சனிக்கிழமையின் குறிப்பு. "விறகு ஈரம். வடகாற்று. கொரின் அழுதாள். கறி நன்று."

அதற்குப் பிறகு அவள் புரட்டவில்லை. நாற்பத்து மூன்று வயதில் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்ட ஒரே ஆள் அவன். வீடு வைத்திருந்தான். குடிக்க மாட்டான். மிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் வந்தாள். பொறுத்துக்கொள்வதும் ஒரு வேலைதான் என்பதும், அந்த வேலைக்கு விடுமுறை கிடையாது என்பதும் வந்த பிறகு தெரிந்தது.

இன்று அவன் ஸ்பிரிங்ஃபீல்டில் சமையல்காரர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தான். கூட்டம் இருந்தாலும் சனிக்கிழமை அடுப்பு எரிய வேண்டும். பனி கொட்டினாலும் எரிய வேண்டும். ஒரு சனிக்கிழமைகூட அவன் விட்டதில்லை. "அரை மணிக்கு ஒரு தடவை பாத்து எழுது," என்று வண்டியில் ஏறும்போது சொன்னான். "கெழடுங்களுக்கெல்லாம் ஜுரம் பாக்குறவதானே? கறிக்கும் பாரு. செத்ததாவது உன்கிட்ட ஒழுங்கா இருக்கான்னு பாப்போம்."

அவள் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

அக்டோபர் கடைசி. மூன்று நாளாகப் பெய்து ஓய்ந்த மழை மரங்களில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கில் இருந்து மூடுபனி வேலியைத் தாண்டி உள்ளே வந்து, அடுப்பின் நீலப்புகையோடு கலந்து, எது புகை எது பனி என்று பிரிக்க முடியாமல் தரையோடு தரையாக ஊர்ந்தது. ஹிக்கரி விறகின் இனிப்பு, கொழுப்பு கருகும் மணம், அழுகின இலை, இவற்றுக்கெல்லாம் அடியில் தோண்டின மண்ணின் பச்சை வாடை. பழைய எரிவாயு உருளையை நீளவாக்கில் பிளந்து செய்த அடுப்பு அது. ஒரு முனையில் தீயறை, மறுமுனையில் புகைபோக்கி, கீழே காங்கிரீட் தளம். புகைபோக்கி சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

டப்பா அடுப்பின் காலில் தொங்கியது. அதிலிருந்து இரண்டு ஒயர். ஒன்று மேலே மூடிக்குள் போனது. இன்னொன்று கீழே போனது.

இத்தனை நாளும் மண் மூடியிருந்திருக்கிறது. இப்போது மழை மண்ணை அரித்துவிட்டது. ஒயர் தளத்தின் ஓரமாக ஓடி, காங்கிரீட்டில் இருந்த ஒரு விரிசலுக்குள் இறங்கியது.

வேலிக்கு அந்தப்பக்கத்து வில்மா ஸ்ட்ரோட் கோடையில் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. தக்காளி கொடுக்க வந்தவள், குரலைத் தாழ்த்தி, "இவன் கோப்பை வாங்குற மசாலா இருக்கே, அது டெல்பாவோடதும்மா," என்றாள். டெல்பா லைலின் முதல் மனைவி. "விறகு பாக்குறதும் அவதான், மசாலா அரைக்கிறதும் அவதான். இவன் பக்கத்துல உக்காந்து எழுதுவான். மேடைக்கு மட்டும் இவன் போவான். அப்புறம் ஒரு நாள் அவ லாரிக்காரனோட ஓரிகான் போயிட்டான்னான். நாங்களும் சரின்னு கேட்டுக்கிட்டோம். அந்த வாரமே காங்கிரீட்டக் கொட்டி, அடுப்பத் தூக்கி மேல வெச்சான்."

கொரின் அன்று சிரித்து மழுப்பினாள். தக்காளிக்கு நன்றி சொன்னாள்.

இப்போது குனிந்து ஒயரைப் பிடித்தாள். மெதுவாக இழுத்தாள். கொஞ்சம் வந்தது. இன்னும் கொஞ்சம்.

பிறகு கீழேயிருந்து யாரோ அதைத் திரும்ப இழுத்துக்கொண்டார்கள்.

பிடுங்கவில்லை. தூக்கத்தில் போர்வையை இழுத்துக்கொள்வதுபோல, ஒரு சின்ன இழுப்பு.

அவள் எப்படி வீட்டுக்குள் வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு லைலைப் போனில் கூப்பிட்டாள். பின்னணியில் நாற்காலிகளும் ஆம்பிளைச் சிரிப்பும் கேட்டன.

"மேல எவ்வளவு காட்டுது?" என்றான், எடுத்ததும்.

"நூத்தி அம்பத்தஞ்சு. லைல், கீழ இன்னொண்ணு காட்டுது."

"எதுக்கு அந்தப் பொத்தானை அமுக்குன?"

"தொடைக்கும்போது—"

"அத எழுதாத."

"அது என்ன லைல்?"

சிரிப்புச் சத்தம் தேய்ந்தது. அவன் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும். ஒரு கதவு சாத்தும் சத்தம். "எவ்வளவு இருக்கு?" என்று கேட்ட குரலில் அவள் இதுவரை கேட்டிராத ஒன்று இருந்தது. அவன் பயந்திருந்தான்.

"தொண்ணூத்தி எட்டு."

மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கியது.

"தீயக் கூட்டு," என்றான். "பெரிய கட்டையா ரெண்டு போடு. சூடு எறங்கவே கூடாது. சூடு இருக்குற வரைக்கும் அது அசையாம கெடக்கும். நான் கெளம்பிட்டேன். கேக்குதா? வெளிய கெடக்குற வெறகு பூராவும் எரிஞ்சாலும் பரவால்ல."

"யாரு கெடக்குறது?"

அவன் போனை வைத்துவிட்டான்.

போலீஸுக்கு, ஷெரிப்பைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது, தரைக்குக் காய்ச்சல் என்றா? ஷெரிப் வருடாவருடம் லைலின் கறியை முதல் வரிசையில் உட்கார்ந்து தின்பவர். வில்மா வீட்டுக்கு ஓடலாம். ஓடத்தான் நினைத்தாள். கோட்டுப் பொத்தானைக்கூடப் போட்டாள். ஆனால் கண் பெட்டியை விட்டு வரவில்லை.

99.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் கொல்லை மங்கி, அடுப்பின் கரிய முதுகு மட்டும் மிச்சமிருந்தது. காலையில் அவள் போட்ட கட்டைகளே இன்னும் தணலாக இருந்தன. தீயறையின் இடுக்கில் சிவப்பு தெரிந்தது. அந்தச் சூடுதான் தளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை சனிக்கிழமை. எத்தனை வருடம்.

101.

இல்லத்தில் இரவுப் பணியில் இப்படித்தான் ஏறும். முதலில் கன்னம் சிவக்கும். பிறகு கையைத் தேடுவார்கள், யார் கையாக இருந்தாலும் போதும் என்று.

103.

அவளுக்குப் பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்குள்ளே வேறொன்று கசந்து எழுந்தது. ஒரு மனுஷியைக் கீழே போட்டு, மேலே தீ வைத்து, அவளுடைய மசாலாவைத் தடவி, உட்கார்ந்து கட்டம் போட்டு எழுதியிருக்கிறான். இன்று அந்தத் தீயைப் பார்த்துக்கொள்ள இன்னொருத்தியை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

104.

அவள் சாம்பல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

காற்று வழிகளை அடைத்தாள். தீயறையைத் திறந்து தணலை வாரி வாரி ஈர மண்ணில் கொட்டினாள். அது சீறியது. நீராவி முகத்தில் அடித்தது. கடைசித் தணலும் கறுத்ததும் மண்டியிட்டு உள்ளங்கையைத் தளத்தில் வைத்தாள். காங்கிரீட் கொதித்தது. அதற்கடியில் ஒரு நடுக்கம். விட்டு விட்டு. பல் கிட்டும் குளிர்க்காய்ச்சலின் நடுக்கம்.

"இருங்க," என்றாள், இல்லத்துக் கிழவிகளிடம் பேசும் குரலில். "இருங்கம்மா. எறங்கிடும். இப்ப எறங்கிடும்."

நடுக்கம் நின்றது.

அவள் சொன்னது கேட்டுவிட்டது.

அது புரிந்ததும்தான் அவளால் ஓட முடிந்தது.

கதவு. தாழ்ப்பாள். விளக்கை அணைத்தாள். ஏன் அணைத்தாள் என்று தெரியாது. இருட்டில் பெட்டியின் பச்சை வெளிச்சம் மட்டும்.

102. 100. 98.

அங்கேயே நின்றது. நல்லது, என்று நினைத்தாள். நல்லது. தூங்கட்டும்.

வெளியே கல் ஒன்று இன்னொரு கல்மேல் உரசியது. நீளமாக. பாரமாக.

41.

கொரின் திரையையே பார்த்தாள். பிறகு ஜன்னல் சட்டத்தில் மாட்டியிருந்த வெளிக்காற்று வெப்பமானியைப் பார்த்தாள். அதிலும் 41.

கீழே இருந்த ஊசி வெளியே வந்துவிட்டது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதுகை அலமாரியில் ஒட்டி. வாயைப் பொத்தி. பச்சை மண் வாடை கதவிடுக்கு வழியாக வந்தது. வெளியே எதுவும் நடக்கவில்லை. நடக்காமலே இருந்தது. காத்திருந்தது.

பிறகு கூரையில் வண்டி வெளிச்சம் புரண்டது.

லைல் வண்டியை அணைக்கவில்லை. கதவைத் திறந்துபோட்டபடி நேராகக் கொல்லைக்குப் போனான். திறந்த வண்டி டிங், டிங் என்று மணியடித்துக்கொண்டே இருந்தது.

"கொரின்! தீ எங்கடி? சனியனே, என்னடி பண்ணி வெச்சிருக்க—"

அவள் வாயைத் திறந்தாள். எச்சரிக்கத்தான். ஒரு சொல் போதும். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. வந்து, அங்கேயே நின்றுகொண்டது.

டிங், டிங்.

"இல்ல," என்றான் லைல். குரல் சின்னதாகிவிட்டது. "இல்ல. நில்லு. டெல்பா, நில்லும்மா—"

அதன்பிறகு ஒரு சத்தம். ஒன்றுதான்.

மூடி திறக்கும் இரும்புக் கிறீச்சு. ஏதோ கனமாகச் சேற்றில் விழுந்தது. மேல் எண் சரிந்தது. 120. 70. 41. கறியை எடுத்து எறிந்தாயிற்று.

கீழ் எண் ஏறியது. 60. 90.

98.

மூடி விழுந்து மூடிக்கொண்டது.

கொரின் மேடையைப் பிடித்து எழுந்தாள். பார்க்கக் கூடாது. பார்த்தாள். வண்டி வெளிச்சம் மூடுபனியில் கரைந்து, கொல்லை பாலாகக் கிடந்தது. தளத்தின் ஒரு மூலை பெயர்ந்து நிமிர்ந்து நின்றது. அடுப்புக்குள்ளிருந்து எதுவோ இரும்பை இடித்தது. மறுபடி இடித்தது. தீயறைக்கு முன்னால் யாரோ குந்தியிருந்தார்கள். மண் நிறத்தில். அவசரமில்லாமல். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, ஈரமானதைத் தள்ளிவிட்டுக் காய்ந்ததை மட்டும் உள்ளே வைத்தார்கள். விறகை அப்படிப் பார்க்க லைலுக்குத் தெரியாது.

தீ பிடித்தது.

99. 101. 103.

இடிக்கும் சத்தம் வேகமானது. பிறகு மெதுவானது. பிறகு இல்லை.

மசாலாவின் மணம் வந்தது. மிளகும் பூண்டும். கொரினின் நாவில் எச்சில் ஊறியது. அதற்காக அவள் அழுதாள்.

குந்தியிருந்த உருவம் எழுந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் தீயின் வெளிச்சம் படவில்லை. அது சமையலறை ஜன்னலைப் பார்த்து நின்றது. வரவில்லை. கை நீட்டவில்லை. தலையை ஒருபக்கமாகச் சாய்த்து நின்றது, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவரைப்போல.

டிங், டிங், டிங்.

அது என்ன கேட்கிறது என்று கொரினுக்குப் புரிந்தது.

ஜன்னலைத் திறந்தாள். குளிரும் புகையும் முகத்தில் வந்து மோதின. பெட்டியைப் பார்த்தாள்.

"நூத்திப் பன்னெண்டு," என்றாள்.

போதாது என்று அது தலையை அசைத்தது. பிறகு குனிந்து, இன்னொரு கட்டையை எடுத்துக் காதருகே தட்டிப் பார்த்தது.