துரையின் மூச்சு

பாம்பு குறட்டை விடுமா என்று அவள் முதலில் சிரித்துவிட்டாள். பள்ளிப் பேருந்தை ஷெட்டில் விட்டுவிட்டு மதியம் வீடு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். தண்ணீர் கொதிப்பதற்குச் சற்று முன் வருமே, அப்படியொரு மெல்லிய விசில், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து. அவள் வளர்க்கும் பாம்பு, பதினோரு வருஷமாகச் சத்தமே போடாத துரை, கழுத்தைச் செங்குத்தாகத் தூக்கி, வாயைப் பிளந்து, காற்றைத் தேடிக்கொண்டிருந்தது.

கால்நடை டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினாள். மூச்சுக்குழாய்க்குள் பட்டாணி அளவில் ஒரு கட்டி.

"நாளைக்குக் காலையில வெட்டி எடுத்துப் பார்க்கலாம். அதுவரைக்கும் கட்டிக்குக் கீழ, பக்கவாட்டுல ஒரு குழாய் வச்சிருக்கேன். இங்க தங்க வைக்க ஆள் இல்ல, வீட்டுக்குக் கொண்டு போங்க. சளி அடைச்சா குழாயில மெதுவா ஊதணும்." கொஞ்சம் தயங்கினாள். "இல்லன்னா, நிம்மதியா கண்ணை மூட வச்சிடலாம்."

"பாம்புக்கு இமையே கிடையாது டாக்டர். மூடாது."

சாயங்காலம் அண்ணன் வந்தான். "பாம்புக்குப் போய் ஆபரேஷனா? விட்டுத் தொலைம்மா. நாலு பேர் கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்ணே. அவர் என்னை விட்டுட்டுப் போனப்ப அந்த நாலு பேர் எங்க இருந்தாங்க? இது இருந்துச்சு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே கிளம்பினான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலில் வெளிச்சம் வடிந்து, அறை முழுக்க ஈர மரத்தூள் வாசமும் மருந்து நெடியும் தேங்கி நிற்க, பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் சுவரில் துரையின் நிழலைத் தடித்த கயிறாக நீட்டி வைத்திருந்தது. விசில் இழுத்தது. இழுத்து, மெலிந்து, நின்றது.

பெட்டியிலிருந்து அள்ளி எடுத்தாள். துரை அவள் மடியில் துணியாய்த் தொய்ந்தது.

"அவ்வளவு சுலபமா விட்டுடுவேனா?"

குழாயில் வாய் வைத்து ஊதினாள். நாக்கில் துரு ருசி. மறுபடி ஊதினாள். கண் இருட்டியது. ஊதினாள்.

விலா எழுந்தது.

அழுகையும் சிரிப்புமாய் வாயை எடுத்தாள். பிறகுதான் கவனித்தாள். அவள் மூச்சை இழுத்தால் துரையின் உடல் உப்பியது. விட்டால் அடங்கியது. சோதித்துப் பார்க்க மூச்சைப் பிடித்தாள். அதுவும் நின்றது.

சரி. அப்படியே இருக்கட்டும்.

ஆழமாக இழுத்தாள். துரை உப்பியது. அவள் நெஞ்சு அசையவில்லை.

மறுபடி இழுத்தாள். துரை இன்னும் உப்பியது. அவள் மூக்கில் காற்று இல்லை. வாயில் இல்லை. வலியும் இல்லை. துரையின் மேலிருந்த கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.

கதவு தட்டும் சத்தம்.

"குடையை மறந்துட்டேம்மா." அண்ணன். "என்ன, சத்தத்தையே காணோம்? உள்ளதான இருக்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

துரை தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. அதன் விலா மெல்ல அடங்க, குழாய் வழியாக அவளுடைய குரல், பிசிறில்லாமல், வெளியே வந்தது.

"இருக்கோம்ணே. ரெண்டு பேரும்தான்."