கோடு நிமிரவில்லை

செல்போன் அலறியது!

எட்டு மாதமாய் அந்த அலறல் ஒவ்வொன்றுக்கும் மதிவதனி ஓடிப் போய் எடுக்கிறாள்.

"மேடம், இன்ஸ்பெக்டர் தென்றல் பேசறேன். செங்கம் ரோட்டுல ஒரு சாமியார்... உங்க வீட்டுக்காரர் ஜாடை. போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க."

பார்த்தாள். காவி. தாடி. நெற்றி நிறைய விபூதி.

"இவர் இல்லைங்க."

"நல்லா பாருங்க. தாடியில ஆளே மாறித் தெரியும்."

"அவருக்கு வலது காதுல மச்சம் இருக்கும் மேடம்... இவருக்கு இல்ல."

இது பதினாலாவது சாமியார்!

வேறு ஊரில் ஒருவன் காணாமல் போனால் கிணற்றில் தேடுவார்கள், ரயில் பாதையில் தேடுவார்கள். திருவண்ணாமலையில் காணாமல் போனால் காவி வேட்டிக்குள் மட்டும்தான் தேடுவார்கள். 'கொடுத்து வெச்ச ஆத்மா' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஊர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும்.

அவள் கணவன் செழியனும் அப்படித்தான் 'கொடுத்து வைத்தவன்' ஆனான்.

போன ஆகஸ்ட் இருபதாம் தேதி மத்தியானம், 12.31. அவன் போனிலிருந்து ஒரு வாட்ஸ்அப். 'அண்ணாமலையார் கூப்பிட்டுட்டார். போறேன். தேடாதே.'

மூன்று வருஷக் குடித்தனத்துக்கு மூன்று வாக்கியம்! வாக்கியத்துக்கு ஒரு வருஷம் என்று கணக்குப் போட்டு அழுதாள் மதிவதனி. அழுது முடித்ததும் கோபம் வந்தது. நான் என்ன குறை வைத்தேன் என்று ஒரே ஒரு கேள்வி. அதை நேரில் கேட்காமல் விடுவதாக இல்லை.

பூமியின் மேலோடு எவ்வளவு நகர்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளப்பது செழியனின் வேலை. அவளுக்கும் அதே படிப்பு. ஹைதராபாத் வேலையை உதறிவிட்டு, அவன் உட்கார்ந்த நாற்காலியையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்து பத்து நாள் ஆகிறது.

அடி அண்ணாமலையைத் தாண்டி, கரட்டுப் பாறை நடுவே ஒற்றை அறை. அதுதான் அளவு நிலையம். வாசலுக்கு நேர் எதிரே ஜி.பி.எஸ். கம்பம் நட்ட சிமென்ட் மேடை. சித்திரை வெயிலில் ஈ, காக்கை இல்லை.

"மேடம்!" அறை மூலையில் குழிக்குள் குனிந்திருந்த வாட்ச்மேன் கோபி கத்தினான். "இங்க வந்து பாருங்க!"

"என்ன கோபி?"

"இந்த மெஷின் செத்துப் போச்சுன்னுதானே நம்ம ஹெட்டு சக்கரபாணி சார் சொன்னாரு?"

"ஆமா. போன ஆகஸ்ட்ல செத்துடுச்சு. அதுக்கு முந்தி ரெண்டு வருஷம் நல்லா ஓடிச்சாம். அதை வெச்சுத்தானே சார் அவார்டே வாங்கினாரு."

"நேத்து கூட சென்னையிலேர்ந்து போன் பண்ணி, அதைப் புடுங்கி காயலான் கடையில போடுன்னாரு..."

"சரி, அதுக்கென்ன?"

"செத்ததுக்கு இன்னாத்துக்கு மேடம் லைட்டு எரியுது?"

எட்டிப் பார்த்தாள்.

இருட்டுக் குழிக்குள் ஒரு பச்சைப் புள்ளி. கண் சிமிட்டியது!

பேட்டரி புதுசு. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் கையெழுத்து... செழியனின் கையெழுத்து!

'20/8 காலை 9.10. உயிர் வந்தாச்சு. பழைய கிராஃபில் பௌர்ணமிக் கூட்டம் 11 நாள் லேட்டா வருது. எப்படி? சார்கிட்ட கேக்கணும்.'

அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியது.

"அந்த வாரம் பூரா செழியன் சார் இந்தக் குழியிலதான் மேடம் குந்திக்கினு இருந்தாரு."

லேப்டாப்பை இணைத்தாள். திரையில் ஒரு கோடு. மேலே வட்டத்துக்குள் ஒரு புள்ளி.

"இது டில்ட் மீட்டர் கோபி. தரை சாயறதை அளக்கும். பக்கத்துல ஒரு ஆள் நின்னா, அந்த வெயிட்டுக்குப் பாறையே துளியூண்டு சாயும்."

"சும்மா சொல்லாதீங்க மேடம். பாறையாவது, சாயறதாவது!"

"போய் மேடை மேல நில்லுங்க."

நின்றான். கோடு ஒரு படி கீழே இறங்கியது. புள்ளி வாசல் பக்கம் நகர்ந்தது.

"தள்ளிப் போங்க!"

போனான். கோடு நிமிர்ந்தது.

"அட, சாமி!" வாயைப் பிளந்துகொண்டு திரும்பி வந்தான் கோபி, வழக்கம்போல மேடையை மிதித்து நேராக. "நான் எங்க நிக்கறேன்னு கூட இதுக்குத் தெரியுதே!"

அவளுக்கு அது காதில் விழவில்லை. விரல்கள் ஆகஸ்ட் இருபதைத் தேடிக்கொண்டிருந்தன.

9.25. கோடு நிமிர்கிறது. பேட்டரி போட்டுவிட்டு அவன் வெளியே போயிருக்கிறான்.

11.20. கோடு ஒரு படி இறங்குகிறது. ஒரு ஆள்.

11.34. இன்னொரு படி. இரண்டு ஆள்.

12.40. ஒரு படி நிமிர்கிறது. ஒரு ஆள் போயாகிவிட்டது.

மிச்சம் ஒரு படி...

சாயங்காலம் பார்த்தாள். நடு ராத்திரி பார்த்தாள். மறுநாள் விடியற்காலை பார்த்தாள்.

கோடு நிமிரவில்லை!

"ரெண்டு பேர் வந்திருக்காங்க கோபி." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ஒருத்தர்தான் போயிருக்காங்க."

"அப்ப இன்னொருத்தரு?"

புள்ளி வாசல் பக்கம் சாய்ந்தே இருந்தது. மேடை இருக்கும் இடம்.

"அன்னிக்கு அங்க மேடை இருந்துச்சா?"

"இல்ல மேடம். கம்பம் நட குழி மட்டும் வெட்டி வெச்சுட்டு, நான் கொத்தனாரைத் தேடிப் போயிட்டேன். மறுநாள் காலையில குழி பாதி தூர்ந்திருந்துச்சு. மண்ணு சரிஞ்சிருக்கும்னுட்டு, அது மேலேயே கான்கிரீட்..." பாதியில் நின்றான்.

மதிவதனி திரும்பி, வாசலுக்கு வெளியே மேடையைப் பார்த்தாள்.

எட்டு மாதம்! இவள் காவி கண்ட இடமெல்லாம் ஓடினாள். அவனோ வாசலிலேயே இருந்திருக்கிறான். பத்து நாளாய் அவன் மேல் மிதித்துத்தான் உள்ளே வந்து போகிறாள்!

"மேடம்... அது இன்னா வட்டம்?"

செப்டம்பர். நட்டநடு மத்தியானம். புள்ளி மேடையைச் சுற்றி ஊர்கிறது. ஒரு சுற்று. நிற்கிறது. இன்னொரு சுற்று. நிற்கிறது. மூன்றாவது சுற்று.

அக்டோபரிலும் அதே மூன்று. நவம்பரிலும்...

"யாரோ வலம் வந்திருக்காங்க."

"வலமா? நல்லா பாருங்க மேடம். எதிர்ப்பக்கமா சுத்துது! இந்த ஊர்ல மலையை யாராவது அப்படிச் சுத்துவாங்களா?" கோபி விரலால் சுற்றிக் காட்டினான். "போன வருஷம் எங்கப்பாவுக்குக் கொள்ளிக்குடம் தூக்கிக்கினு நான் இப்படித்தான் சுத்தினேன். ஒரு சுத்துக்கு ஒரு தடவை நிப்பாங்க, குடத்துல ஓட்டை போடுவாங்க. இது சுடுகாட்டுச் சுத்து மேடம்!"

தேதிகளைப் பார்த்தாள். ஏழு தடவை. ஏழும் அமாவாசை.

"இன்னிக்கு..." என்றாள்.

"அமாவாசை." கோபி நெற்றி வியர்வையை வழித்தான். "அமாவாசை மத்தியானம் நான் இங்க இருக்கவே மாட்டேன் மேடம். அப்பாவுக்குப் படையல், காக்காவுக்குச் சோறு... லீவு எடுத்துக்கோன்னு..."

சட்டென்று வாயை மூடினான்.

"லீவு எடுத்துக்கோன்னு யார் சொன்னது?"

"மேடம்... நான் கொஞ்சம் போய்ட்டு வந்துடறேன்."

"எங்க போறீங்க? கோபி!"

பைக் சீறிக்கொண்டு போனது.

மணி 11.40.

மதிவதனிக்கு மூளை தாறுமாறாய் ஓடியது. குழி வெட்டியவன் கோபி. கொத்தனாரைக் கூட்டி வந்தவன் கோபி. சாவி அவனிடம். ஏன் இப்படி ஓடுகிறான்? போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அடுத்த போன், சக்கரபாணிக்கு. நிலையத்தின் தலைவர். 'செழியன் என் பிள்ளை மாதிரிம்மா' என்று கண் கலங்கி, இந்த வேலையைப் போட்டுக் கொடுத்த புண்ணியவான்.

"சார்... செழியன் எங்கேயும் போகல சார். இங்கதான்... மேடைக்கு அடியில..."

மறுமுனையில் கார் கதவு சாத்தும் சத்தம்.

"யாரும்மா சொன்னது?"

"வந்து பாருங்க சார். எனக்கு கோபி மேலதான் சந்தேகமா இருக்கு. பயமா இருக்கு சார்!"

"பயப்படாதே. நான் பக்கத்துலதான் இருக்கேன், அஞ்சு நிமிஷம். வெளிய வராதே. வேற யாருக்கும் போன் பண்ணாதே!"

உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

கார் வந்து நின்ற சத்தம். கோடு ஒரு படி இறங்கியது. புள்ளி அசைந்தது.

அவள் வெறுமனேதான் பார்த்தாள்... பார்த்தவள் உறைந்தாள்.

கேட்டிலிருந்து வாசலுக்கு நேர் வழி மேடை மேல்தான். கோபி வந்தாலும் அவள் வந்தாலும் புள்ளி நேராய்த்தான் ஓடும். இந்தப் புள்ளி நேராய் வரவில்லை. மேடை ஓரம் வந்ததும் விலகி, அதை அரைவட்டமாய்ச் சுற்றிக்கொண்டு வந்தது.

எதிர்ப்பக்கமாய்!

கதவு திறந்தது. சக்கரபாணி. ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, பட்டை விபூதி.

"என்னம்மா மதி, யார் என்ன சொன்னாங்க?"

"சார், நேத்து நீங்க சென்னையில இருந்தீங்களே?"

"காலையில வந்தேன். அமாவாசையாச்சே, கோயிலுக்கு."

"சாமி கும்பிட வந்தவர் ஏன் சார் மேடையை மிதிக்காம சுத்திக்கிட்டு வந்தீங்க?"

சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"நீ கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தே. உனக்கெப்படித் தெரியும்?"

அவள் குழியைக் காட்டினாள். பச்சைப் புள்ளி சிமிட்டியது.

"இது... இது செத்த மெஷின்!"

"அவர் உயிர் கொடுத்துட்டுத்தான் சார் செத்திருக்காரு. அன்னிக்குக் காலையில 9.10க்கு."

சக்கரபாணி கதவின் தாழ்ப்பாளை மெல்லப் போட்டார். மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தார்.

"நல்ல பையன்ம்மா. பேசாம இருந்திருக்கலாம். ரெண்டு வருஷமா மெஷின் ஓடல, பழைய வருஷத்து கிராஃபையே வருஷத்தை மட்டும் மாத்திப் போட்டுட்டேன். இந்த உலகத்துல ஒருத்தன் கண்டுபிடிக்கல! இவன் வந்து, 'சார், பௌர்ணமி வருஷத்துக்கு வருஷம் பதினோரு நாள் முன்னாடி வரும். கிரிவலக் கூட்டத்தோட பாரம் உங்க கிராஃப்ல பழைய தேதியிலேயே விழுதே'ன்னான்... அவார்டைத் திருப்பிக் கொடுங்கன்னான். பிடிச்சுத் தள்ளினேன். தலை பாறையில..."

"அவர் போன்லேர்ந்து எனக்கு வாட்ஸ்அப் அனுப்பினீங்க."

"இந்த ஊர்ல அது ஒண்ணு போதும். ஆனா அவன் என்னை விடலம்மா! தினம் ராத்திரி கால்மாட்டுல வந்து நிக்கறான். பேச மாட்டான். நிப்பான். கொள்ளி வைக்க ஆளில்லாமத்தான் நிக்கறான்னு, நானே சுத்தினேன். மாசா மாசம் சுத்தினேன்! மறுநாளும் வந்து நிக்கறான்!"

கடப்பாரை உயர்ந்தது.

மதிவதனியின் கண் திரைக்குப் போனது. கோடு இறங்கியது. ஒரு படி. இன்னொன்று... மூன்று... நான்கு.

"சார், வெளிய நாலு பேர் வந்தாச்சு."

"அமாவாசை மத்தியானத்துல எவன் வருவான்?"

"நான் சொல்லல சார். அவரோட மெஷின் சொல்லுது. மேடை ஓரத்துல நிக்கறாங்க. இப்ப... வாசல்ல."

சக்கரபாணியின் கை அந்தரத்தில் நின்றது. அந்த ஒரு நொடி போதுமாய் இருந்தது.

கதவு பிளந்துகொண்டு விழுந்தது! முதலில் கோபி. பின்னால் தென்றல், இரண்டு கான்ஸ்டபிள்கள். கடப்பாரை கணீரென்று தரையில் உருண்டது.

"மன்னிச்சுக்குங்க மேடம்!" கோபிக்கு மூச்சு வாங்கியது. "மாசா மாசம் எனக்கு லீவு கொடுத்து அனுப்பினது சாருதான். உங்ககிட்ட சொன்னா நம்புவீங்களோ மாட்டீங்களோன்னு, ஸ்டேஷனுக்கே ஓடிட்டேன்."

மதிவதனி யாரையும் பார்க்காமல் வெளியே வந்தாள். மேடை ஓரத்தில் உட்கார்ந்தாள். கொதிக்கும் சிமென்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எட்டு மாதக் கோபமெல்லாம் கண்ணால் வழிந்தது.

"அவர் என்னை விட்டுட்டுப் போகல மேடம்," என்றாள் தென்றலிடம். "நான்தான் திட்டிக்கிட்டே இருந்துட்டேன். அவர் இங்கேயேதான் இருந்திருக்காரு."

தென்றல் அவள் தோளில் கை வைத்தாள். மேடையை உடைக்க ஆள் சொல்லி அனுப்பியாகிவிட்டது.

கைவிலங்கோடு ஜீப்புக்கு நடந்த சக்கரபாணி அப்போதும் மேடையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

"எட்டு மாசம்..." என்று முனகினார். "அது ஓடிட்டு இருந்ததுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

தென்றல் ஜீப் கதவைத் திறந்து பிடித்தாள்.

"விடுங்க சார். ஓடாதப்ப ஓடுதுன்னு எழுதி அவார்டு வாங்கினீங்க... ஓடுறப்ப ஓடலைன்னு நம்பி ஆயுள் தண்டனை வாங்கப் போறீங்க! ஏறுங்க."